முதுகைத் திருப்பி நின்ற ரண வைத்தியர்

என் படக்கடைக்கு நேர் எதிரே அம்ப்ரோஸ் பெட்டிஃபரின் வைத்தியக் கடை. நடுவில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலை, அதன் சேறு, அதில் போகிற கோச்சு வண்டிகள். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனால் எனக்கு வந்த தலைவலிக்கு அவரே மருந்தும் கொடுத்திருக்கிறார். அந்த மருந்தால் வயிற்றுவலியும் வந்திருக்கிறது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நான் யார் என்பதும் தெரிய வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது ஒரே ஒரு குளிர்காலம். அதிலும் பாதி நாள் கூரை ஒழுகியது. வில்ட்ஷயரிலிருந்து கட்டைச் செருப்போடு நடந்து லண்டன் வந்து, செப்புத் தகட்டுப் படம் அச்சடிக்கிற இடத்தில் உருளை சுற்றினேன். தோள் இரண்டும் காய்த்துப்போயின. கடைசியில் எந்த அச்சைச் சுற்றினேனோ அந்த அச்சையே விலைக்கு வாங்கினேன். இன்றைக்கு இந்தச் சாலையில் பெரிய ஜன்னல் இந்தக் காலேப் டன்னிங்குடையதுதான். அதில் புதுக் கேலிப்படம் ஒன்று தொங்கினால் நடைபாதையில் வழி கிடைக்காது. வெளியூரிலிருந்து வருகிற ஜேப்படித் திருடர்கள்கூட என் கடையை விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லாததால் நானே சொல்கிறேன்.

என் கடையில் எப்போதும் ஓடுகிற சரக்கு ஒன்றுதான்: துரைமார் துப்பாக்கிச் சண்டை. மந்திரி படம் ஒரு வாரத்தில் பழசாகிவிடும். துரைமார் சுட்டுக்கொள்கிற படம் பழசாவதே இல்லை, ஏனென்றால் அவர்கள் திருந்துவதே இல்லை. ஒருவர் இன்னொருவரின் நாயை மிதிப்பார். அல்லது நாடகக் கொட்டகையில் தொப்பியைக் கழற்ற மாட்டார். உடனே மானம் போய்விடும். போன மானம் விடியற்காலையில், சாக் ஃபார்ம் மேட்டின் ஈரப் புல்லில்தான் கிடக்கிறது என்று யார்தான் இவர்களுக்குச் சொன்னதோ. ஆளுக்கு ஒரு துணை ஆளைக் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டியில் இரண்டு கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு, அங்கே போய் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மாட்டுத் தரகனின் மானம் போனால் அவன் அங்கேயே ஒரு குத்து விடுவான், பிறகு இரண்டு பேரும் பீர் குடிப்பார்கள். ஆனால் அவனை யாரும் படம் போட மாட்டார்கள்.

சாக் ஃபார்முக்குப் போகிற வண்டிகள் எங்கள் சாலை வழியாகத்தான் போக வேண்டும். பெட்டிஃபரின் பிழைப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அவர் பட்டம் வாங்கிய பெரிய வைத்தியர் இல்லை. நாவிதர் மகன். போர்க்கப்பலில் ரண வைத்தியருக்கு எடுபிடியாகப் போய், கால் அறுக்கவும் கட்டுப் போடவும் பழகியவர். சமாதானம் வந்ததும் கரையேறி, கெசியா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, எதிரே கடை போட்டார். பல் பிடுங்குவார், ரத்தம் எடுப்பார், கொப்புளம் கீறுவார். ஒரு விடியற்காலை ஒரு கோச்சு வண்டி அவர் கதவில் நின்றது. யாரோ ஒரு துரையின் வழக்கமான வைத்தியருக்குக் காய்ச்சலாம், வழியில் தெரிந்த முதல் வைத்தியப் பலகையைப் பார்த்துத் தட்டினார்களாம். அன்று போனவர்தான். பிறகு அதுவே வாடிக்கையாகிவிட்டது.

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. துரைமார் சுடும்போது வைத்தியர் திரும்பி நிற்க வேண்டும், முதுகு அவர்கள் பக்கமாக. வண்டிக்காரனும் அப்படித்தான். ஏனென்றால் ஆள் செத்தால் சட்டப்படி அது கொலை. பார்த்தவன் சாட்சி. சாட்சி சொன்னால் துரைமாரின் பகை, மறைத்தால் சட்டத்தின் பகை. அதனால் முதுகைக் காட்டி நின்று, வெடிச் சத்தம் கேட்டு, "வைத்தியரே" என்று குரல் வந்த பிறகு திரும்பி ஓட வேண்டும். நாளைக்கு யார் கேட்டாலும், நான் எதையும் பார்க்கவில்லை என்று வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லலாம்.

"ஒரு தடவைகூட ஓரக்கண்ணால பார்த்ததில்லையா, யோவ்?" என்று பீர்க்கடையில் ஒருநாள் கேட்டேன்.

"இல்லை."

"கழுத்து சுளுக்கின மாதிரி லேசா?"

"இல்லைன்னு சொல்றேனே. எதிர்ல ஒரு முள்ளுப்புதர் இருக்கு. அதுல ஒரு குருவி. அதைப் பார்த்துக்கிட்டு நிப்பேன்."

"அங்க ரெண்டு பேரு உசுரு போகப்போகுது, நீரு குருவி பாக்கறீரு."

"குருவியைப் பார்த்தேன்னு தைரியமா சத்தியம் பண்ணலாம் இல்ல?"

கெசியா அம்மாவிடம் முறையிட்டால் அவள் என்னைவிட நொந்து போயிருந்தாள்.

"வீட்டுலயும் அதே கதைதான், டன்னிங் அண்ணே. பால்காரி தண்ணியை ஊத்தறா, இவரு சுவரைப் பாக்குறாரு. எங்கம்மாவும் இவரு தங்கச்சியும் முடியைப் பிடிச்சுக்கிட்டப்பவும் சுவரைத்தான் பாத்தாரு. கல்யாணத்தன்னிக்கு மட்டும் முகத்தைக் காட்டினாரு. அதை வெச்சுத்தான் இன்னமும் அடையாளம் கண்டுபிடிக்கிறேன்."

ஆனால் கை என்னவோ நல்ல கை. காயத்துக்குள் விரலை விட்டுக் குண்டை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கப்பலில் கால் அறுக்கும்போது கண்ணை மூட முடியாது. அந்தக் கடனைத்தான் மற்ற நேரமெல்லாம் மூடித் தீர்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சர் லயனல் ஃபேன்ஷா என்று ஒரு துரை. கேப்டன் டெல்லபி என்று இன்னொருவர். ஒரே கிளப்பில் உட்கார்ந்து சீட்டாடுகிறவர்கள். குளிர் அடிக்கிற ஒரு சாயங்காலம் சர் லயனல் எழுந்து ஜன்னலைத் திறந்தார். கேப்டன் எழுந்து மூடினார். இவர் திறந்தார். அவர் மூடினார். கிளப் முழுவதும் சீட்டை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. கடைசியில் சர் லயனல், "காத்து வேண்டாதவங்களுக்குக் கல்லறை இருக்கு" என்றார். அவ்வளவுதான், மானம் போயிற்று. மறுநாள் விடியலில் சாக் ஃபார்ம். பெட்டிஃபர் வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டார்.

சர் லயனல் பருத்த சரீரம். குறி தப்பட்டும் என்று பக்கவாட்டில் திரும்பி நின்றிருக்கிறார். அளவுக்கு மேல் திரும்பிவிட்டார். குண்டு அவர் உட்காருகிற இடத்தில் பாய்ந்தது. பெட்டிஃபர் அங்கேயே புல்லில் குப்புறப் போட்டுக் குண்டை எடுத்துக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

சேதி மத்தியானத்துக்குள் காப்பிக் கடைகளுக்கு வந்துவிட்டது. நான் லூக் ஹார்பிட்டைக் கூப்பிட்டேன். ஹார்பிட் என் கடைக்குப் படம் செதுக்குகிற ஆள். திறமைசாலி, சோம்பேறி, கர்வி. இதில் எது அதிகம் என்று சொல்ல முடியாது. ஒரே ராத்திரியில் தகடு தயார் என்று கொண்டுவந்து நீட்டினான். எனக்கே வாய் திறந்துவிட்டது. நடுவில் ஜன்னல் சட்டத்தைத் தலையில் சுமந்து நிற்கிற வேலைக்காரன். அந்தச் சட்டம் வழியாக இரண்டு துரைமாரும் சுட்டுக்கொள்கிறார்கள். கேப்டனுக்குக் கொக்குக் கால். சர் லயனலுக்குப் பூசணிக்காய்ப் பின்பக்கம். ஓரத்தில் ரண வைத்தியர் கையில் குறடோடு, கண் இரண்டும் பிதுங்க, குனிந்து உற்றுப் பார்க்கிறார். அச்சு அசல் பெட்டிஃபர். அடியில் என் கடைப் படங்களில் எப்போதும் போடுகிற வரி: 'நிகழ்ந்த இடத்தில் நேரில் கண்டு வரைந்தது.' எல்லாக் கடைக்காரனும் போடுகிறான், நானும் போடுகிறேன். நேரில் காணாமல் வரைந்தது என்று போட்டால் யார் வாங்குவார்கள்?

படம் பறந்தது. கேப்டன் டெல்லபி நேரில் வந்தார். உதைக்கப் போகிறார் என்று நான் மேஜைக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"கெண்டைக்கால் இவ்வளவு ஒல்லியாவா இருக்கு எனக்கு?" என்று காலுறையைத் தொட்டுக் காட்டினார்.

"அடுத்த படத்துல சதை போட்டுடலாம் துரை."

"போடு. இதுல ஒரு டஜன் கட்டிக் குடு, எங்க மாமாங்களுக்கு அனுப்பணும்."

இவர்களோடு எப்படித்தான் காலம் தள்ளுவது. ஜன்னலை மூடினால் சுடுகிறார்கள். ஊர் சிரிக்கப் படம் போட்டால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பெட்டிஃபர் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு என் கடைக்குள் நுழைந்தார். ஜன்னலில் தொங்குகிற தன் முகத்துக்கு அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"டன்னிங், என்னைத் திருப்பி நிறுத்துய்யா."

"என்ன உளறல் இது?"

"படத்துல. முதுகு தெரியற மாதிரி மாத்திப் போடு. உன் கால்ல விழறேன்."

நடந்ததைச் சொன்னார். புதிதாக வந்திருக்கிற மாஜிஸ்திரேட், விண்டில் என்பவர், துரைமார் சண்டையை ஒழித்தே தீருவது என்று கங்கணம் கட்டியிருக்கிறார். இதுவரை பிடித்த ஒவ்வொரு சண்டையிலும் சாட்சி என்று யாரும் இல்லை. எல்லோரும் முதுகைக் காட்டி நின்றவர்கள். அவர் என் படத்தை வாங்கிப் போய்த் தன் மேஜையில் விரித்திருக்கிறார். ஊரே பார்க்க ஒரு மனுஷன் சண்டையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று, பெட்டிஃபருக்குச் சம்மன் அனுப்பிவிட்டார். அதற்குள் சர் லயனலுக்குக் காய்ச்சல் வேறு கண்டுவிட்டது.

"அவரு போயிட்டா கொலை. பாத்துக்கிட்டு நின்னவன் உடந்தை. நியூகேட் சிறைதான். சாட்சி சொல்லித் தப்பிச்சாலும் அப்புறம் எந்தத் துரை என் கதவைத் தட்டுவான்?"

"நான் பாக்கலைன்னு சொல்லும்."

"சொன்னேனே. அந்த கான்ஸ்டபிள் சிரிக்கிறான். 'படத்துலயே இருக்கே ஐயா'ங்கிறான்."

"யோவ், அது படம். கேப்டனுக்குக் கொக்குக் கால் போட்டிருக்கு, அதையும் நம்பறானா?"

"அதையும் நம்பறான்."

என்ன ஜனங்கள் இவர்கள். இருபது வருஷமாகக் கப்பலிலும் கரையிலும் ஒழுங்காக வேலை செய்த மனுஷன் பைபிளைத் தொட்டுச் சொல்கிறான், அது பொய்யாம். ஹார்பிட் காப்பிக் கடைச் சேதியைக் கேட்டுக் கிறுக்கியது நிஜமாம்.

ஹார்பிட்டைக் கூப்பிட்டேன். தகட்டைச் சுரண்டி, பின்னாலிருந்து தட்டி மட்டமாக்கி, மெழுகு பூசி, அந்த ஒரு உருவத்தை மட்டும் முதுகாகச் செதுக்கித் திராவகத்தில் இறக்கு என்றேன். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"முடியாது முதலாளி. இந்தப் படத்துலயே நல்ல முகம் அதுதான்."

"அந்த முகத்துக்குச் சொந்தக்காரரு ஜெயிலுக்குப் போகப்போறாருடா."

"போகட்டும். முகம் நிக்கும்ல."

பெட்டிஃபர் கெஞ்சினார். "தம்பி, உனக்கு ரெண்டு பல்லு சும்மா பிடுங்கியிருக்கேன்."

"அதுல ஒண்ணு நல்ல பல்லு," என்றான் ஹார்பிட்.

நான் மேஜையைத் தட்டினேன், கத்தினேன், வேலையை விட்டுத் துரத்துவேன் என்றேன். தெரு முனையில் இன்னொரு படக்கடைக்காரன் அவனுக்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான் என்பது அவனுக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் கான்ஸ்டபிள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"லூக் ஹார்பிட் யாரு?"

"நான்தான். கையெழுத்துப் போட்ட படம் வேணுமா?"

"சம்மன். 'நேரில் கண்டு வரைந்தது'ன்னு போட்டிருக்கே. அப்ப நீயும் அங்க இருந்திருக்கே. வைத்தியரு பார்த்தது உடந்தைன்னா நீ பார்த்ததும் உடந்தை. வெள்ளிக்கிழமை காலையில ரெண்டு பேரும் வந்து நில்லுங்க."

ஹார்பிட்டின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பெட்டிஃபரே ஒரு வைத்தியராகக் கவனித்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். கான்ஸ்டபிள் போன பிறகு அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"முதலாளி, அது சண்டையைப் பாக்குற முகம் இல்லை."

"பின்னே?"

"வாயைப் பாக்குற முகம்."

விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் 'பல் பிடுங்கும் பண்டிதர்' என்று ஒரு படம் போட்டிருந்தான். பெட்டிஃபர் ஒரு மீன்காரியின் வாய்க்குள் குறடை விட்டுக் குனிந்து பார்க்கிற மாதிரி. அது விற்கவே இல்லை. இப்போது அவசரமென்று நான் துரத்தியதும், ஐயா புதுத் தகட்டில் கையே வைக்கவில்லை. அந்தப் பழைய தகட்டை எடுத்து, மீன்காரியையும் அவள் நாற்காலியையும் சுரண்டித் தேய்த்துவிட்டு, அந்த இடத்தில் துரைமாரைச் செதுக்கிவிட்டான். வைத்தியரை அப்படியே விட்டுவிட்டான். குறடு கையில் இருக்கிறதே, போதாதா என்று. குண்டு எடுக்கப் போகிறவன் பல் குறடோடு எதற்கு நிற்கிறான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஆனால் நான் விற்பதில் மும்முரமாக இருந்தேன்.

"புதுசுன்னு சொல்லித்தானேடா குடுத்தே?"

"துரைமாருங்க புதுசுதான்."

அவனைத் திட்ட நேரமில்லை. அந்தப் பழைய படத்தின் பிரதி ஒன்று கிடைத்தால் மாஜிஸ்திரேட்டிடம் காட்டலாம். என்னிடம் ஒன்றுகூட இல்லை. விற்காத படங்களை நான் பெட்டி செய்கிறவனுக்கு எடைக்குப் போட்டுவிடுவேன். அவன் பயணப் பெட்டிகளின் உள்பக்கத்தில் அவற்றை ஒட்டுவான். மூவரும் ஓடினோம். செயின்ட் கைல்ஸ் பக்கத்தில் அவன் பட்டறை. பெட்டி பெட்டியாகத் திறந்து தலையை விட்டுப் பார்த்தோம். ஒன்றில் பழைய மந்திரிகள். இன்னொன்றில் பிரெஞ்சுக்காரர்கள் தவளை தின்பது. கடைசியில் பெட்டிஃபர் ஒரு பெரிய பெட்டிக்குள்ளிருந்து, "இருக்கேன்யா, இருக்கேன்" என்றார். மூடியின் உள்பக்கம், மீன்காரியின் வாயைப் பார்த்தபடி அவரே ஒட்டிக்கொண்டிருந்தார். கிழித்து எடுக்க முடியாது, பசை அப்படி. ஆகவே பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தோம். அதை மூன்று பேர் சுமந்து லண்டன் தெருவில் நடப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்று நான் சொல்லப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாஜிஸ்திரேட் விண்டிலின் முன்னறையில் அந்தப் பெட்டியை வைத்தோம். ஒல்லியான மனுஷர், மூக்கின் நுனியில் கண்ணாடி.

"இது என்ன, பயணமா?" என்றார்.

"சாட்சிங்க," என்றேன். "தலையை உள்ள விட்டுப் பாக்கணும்."

அவர் என்னை முறைத்தார், பெட்டியை முறைத்தார். பிறகு முட்டிபோட்டுத் தலையை உள்ளே விட்டார். கான்ஸ்டபிள் மெழுகுவர்த்தியைப் பிடித்தான். நான் சண்டைப் படத்தை அவர் கையில் கொடுத்து, முகத்துக்கு முகம், குறடுக்குக் குறடு, கோட்டுப் பொத்தானுக்குப் பொத்தான் ஒப்பிடச் சொன்னேன். சுரண்டிய இடத்தில் மீன்காரியின் தொப்பி நாடா ஒரு நூல் அளவு இன்னும் தெரிந்தது. பெட்டிக்குள்ளிருந்து பெருமூச்சு வந்தது. வெளியே வந்தபோது அவர் மூக்கில் பசை.

"ஆக, நீ சாக் ஃபார்முக்கே போகலை," என்றார் ஹார்பிட்டிடம்.

"ஜன்மத்துல போனதில்லை ஐயா. காலையில எழுந்திருக்கிற பழக்கமே இல்லை."

"நேரில் கண்டதுன்னு போட்டிருக்கியே?"

ஹார்பிட் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"அது எல்லாப் படத்துலயும் போடறதுங்க," என்றேன். "உப்பு மாதிரி."

மாஜிஸ்திரேட் பெட்டிஃபர் பக்கம் திரும்பினார். "நீ அங்க இருந்தே."

"ஆமாங்க."

"பார்த்தியா?"

"பாக்கலைங்க. திரும்பி நின்னேன்."

"ஏன் திரும்பி நின்னே?"

"பாக்கக்கூடாதுன்னுங்க."

"எதைப் பாக்கக்கூடாதுன்னு?"

பெட்டிஃபர் யோசித்தார். "அது எனக்கு எப்படிங்க தெரியும், பாக்கலையே."

விண்டில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவர் மேல் எனக்கே இரக்கமாக இருந்தது. "எங்கிட்ட ஒவ்வொருத்தனும் முதுகையே கொண்டாந்து நிறுத்தறீங்க," என்றார். "ஒரு முதுகைத் தூக்குல போட முடியாது. ஒருத்தன் பாத்தா போதும், ஒரே ஒருத்தன் கண்ணைத் திறந்துக்கிட்டு நின்னா போதும், இவங்க ஒருத்தனும் துப்பாக்கியைத் தூக்க மாட்டான். போங்க. பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க."

சர் லயனலின் காய்ச்சலும் அடுத்த வாரம் இறங்கியது. பெட்டிஃபர் தினமும் போய்க் கட்டு மாற்றினார். அந்தக் காயத்தையாவது நேராகப் பார்த்தார் என்று நம்புகிறேன். எல்லாம் முடிந்தது, இனி நிம்மதி என்று நான் நினைத்தேன். துரைமார் இருக்கிற ஊரில் நிம்மதி ஏது.

எனக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடி வேதனை கொடுத்தது. ஒரு மத்தியானம் பெட்டிஃபரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். குறடு உள்ளே போயிருந்தது. கதவைத் திறந்துகொண்டு ஹெஸ்கெத் என்ற இளம் துரை வந்தார். கேப்டனின் துணை ஆள்.

"வைத்தியரே, நாளைக்கு விடியல்ல வண்டி வரும். அதே இடம், அதே ரெண்டு பேரு."

"மறுபடியும் ஜன்னலா?"

"இல்லை, படம். அந்தப் படத்துல சர் லயனல் பின்பக்கம் காட்டிக்கிட்டு நிக்கறாரு. ஓடறதுக்குத் திரும்பினவருன்னு ஊரு சொல்லுது. படக்கடைக்கு அந்தச் சேதியைச் சொன்னதே கேப்டன்தான்னு சர் லயனல் சொல்றாரு. எங்க கேப்டன் மானம் போச்சு."

எனக்குச் சேதி சொன்னது காப்பிக் கடைப் பணியாள். அதை நான் சொல்ல முயன்றேன். குறடு வாயில் இருந்ததால் மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. இப்படி இரண்டு பேர் என் படத்துக்காகச் சாகப் போகிறார்கள், எனக்கோ ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பெட்டிஃபர் போகக்கூடாது என்று கண்ணால் ஜாடை காட்டினேன். ஆனாலும் அவர் போவார் என்று எனக்குத் தெரியும். பின்பக்கத்துக் கதவில் கெசியா அம்மா கையில் கரண்டியோடு நின்றாள், அவள் முகத்திலும் அதே எண்ணம்.

பெட்டிஃபர் என் வாய்க்குள் பார்த்தபடியே, "வர்றேங்க" என்றார். கெசியா அம்மாவின் கரண்டி தாழ்ந்தது.

"ஆனா பாப்பேன்."

"என்ன?"

"திரும்பி நிக்க மாட்டேன். துப்பாக்கியில குண்டு போடறதுல இருந்து சுடறவரைக்கும் பாப்பேன். யாராவது கேட்டா பார்த்ததைச் சொல்லுவேன்."

ஹெஸ்கெத் துரை அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "வைத்தியரே, அது முறை இல்லையே. யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க."

"தெரியுங்க. பாக்காமலே எனக்குப் பழி வந்துச்சு. லண்டன் பூராவும் நான் பாத்தேன்னுதான் நம்புது. இனிமே பாத்துட்டே பழியை வாங்கிக்கறேன். வண்டியை அனுப்புங்க, தயாரா இருப்பேன்."

துரை தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "கேப்டன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று போனார். பெட்டிஃபர் ஒரு இழுப்பில் என் பல்லை எடுத்தார்.

வாயைக் கழுவிக்கொண்டு முதலில் நான் கேட்டது, "யோவ், இனிமே எந்தத் துரை உம்மைக் கூப்பிடுவான்?"

"கூப்பிட மாட்டாங்க."

"அதுதான உம்ம பொழைப்பே?"

"பல்லு இருக்குல்ல," என்று என் பல்லைத் தூக்கிக் காட்டினார்.

கெசியா அம்மா மாடி அறையை வாடகைக்கு விட வேண்டியிருக்கும் என்று அப்போதே கணக்குப் போட்டிருப்பாள். ஆனால் போகும்போது அவர் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் வண்டி வரவில்லை. துணை ஆட்கள் வேறு வைத்தியரைத் தேடி மேரிலபோன் பக்கம் அலைந்தார்கள். அங்கே ஒருவர் ஊரில் இல்லை, இன்னொருவர் பெட்டிஃபர் சொன்னதைக் கேள்விப்பட்டு, நானும் பார்ப்பேன் என்று ஆரம்பித்தாராம். தேடித் தேடி ஒரு வாரம் போனதில் யார் யாரை என்ன சொன்னார் என்பதே இரண்டு துரைமாருக்கும் மறந்துவிட்டது. கிளப்பில் பார்த்து, கை குலுக்கி, ஆட்டுக்கறி தின்றார்கள். ஜன்னல் அப்போது திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பொறுமை இல்லை.

அதற்குள் நான் ஹார்பிட்டை உட்காரவைத்து இரண்டாம் சண்டையையும் செதுக்க வைத்துவிட்டிருந்தேன். இந்த முறை புதுத் தகடு. நானே பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்து வாங்கிய புதுத் தகடு. கேப்டனுக்குக் கெண்டைக்காலில் சதைகூடப் போட்டாகிவிட்டது. நடக்காத சண்டையை எவன் வாங்குவான்? எதிர்க் கடைக்குப் போய் இதை அவரிடம் கத்திச் சொன்னேன். பெட்டிஃபர் ஒரு சலவைக்காரியின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுய்யா" என்றார்.